ஏலக்கூடத்தில் பிரஷர் பார்த்த டாக்டரம்மா

அன்று காலை ஏழு மணி இருக்கும். வாசலில் பால் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தபோது ரோசி ஓடி வந்தார். டாக்டரம்மாவின் வீட்டில் பதினைந்து வருடமாகச் சமைத்துப் போடுகிறவர் ரோசி. ஒரு போன் செய்திருக்கலாம். அதுகூடத் தோன்றாமல், காலில் செருப்பில்லாமல் தெருவைத் தாண்டி ஓடி வந்திருந்தார். “அக்கா, அம்மா கண்ணத் தொறக்க மாட்டேங்குறாங்க. நீங்க வந்து பாருங்க” என்றார்.

போனேன். படுக்கையில் டாக்டரம்மா ஒருக்களித்துப் படுத்திருந்தார். கையைத் தொட்டதுமே தெரிந்துவிட்டது. இருந்தாலும் நாடி பார்த்தேன். வலது கையில் பார்த்துவிட்டு இடது கையிலும் பார்த்தேன். முப்பத்தைந்து வருடம் அவரிடம் நர்சாக வேலை பார்த்தவள் நான். அந்த அறையில் அப்போது செய்வதற்கு எனக்கு ஒரு வேலையும் இல்லாமல் போனது. ரோசி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். “போயிட்டாங்க ரோசி” என்றேன்.

டாக்டர் மதலேன் அம்மையாரைக் காரைக்காலில் தெரியாதவர்கள் குறைவு. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தலத்தெருவில் தன் தகப்பனார் கட்டிய வீட்டின் முன்னறைகள் இரண்டில் அவர் கிளினிக் வைத்திருந்தார். தகப்பனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதனால் குடும்பம் முழுவதற்கும் பிரெஞ்சுக் குடியுரிமை. அண்ணன், தம்பி, தங்கை மூவரும் ஒருவர் பின் ஒருவராகக் கப்பலும் விமானமும் ஏறிவிட்டார்கள். இவர் ஒருவர்தான் ஏறவில்லை. திருமணமும் செய்துகொள்ளவில்லை. ஏன் போகவில்லை என்று யாராவது கேட்டால், “அங்க குளிரும்” என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது.

பிரான்சிலிருந்து அடக்கத்துக்கு வந்த அவருடைய அண்ணன் மகன் எத்தியேன்தான் என்னை எழுதச் சொன்னார். முப்பதாம் நாள் பூசைக்கு ஒரு சின்ன நினைவு மலர் போடுகிறார்களாம். “நீங்கதான் ரொம்ப வருஷம் கூட இருந்தீங்க. நல்லதா எழுதுங்க ஆன்ட்டி” என்றார். நல்லதைத்தான் எழுதப்போகிறேன். அதில் என்னுடைய கெட்டதும் கலந்து கிடக்கிறது. அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

அவரிடம் வேலை கேட்டுப் போனபோது எனக்கு இருபத்திரண்டு வயது. சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “பேஷண்ட் ஒருத்தர் உன்னைத் திட்டினா என்ன செய்வே?”

“நானும் திட்டுவேங்கம்மா” என்றேன். வாய் முந்திவிட்டது. வேலை போயிற்று என்று நினைத்தேன்.

“சரி. மெதுவாத் திட்டு. உள்ள எனக்குக் கேக்கக் கூடாது” என்றார். மறுநாளே வேலைக்குச் சேர்ந்துவிட்டேன்.

அவர் கோபக்காரர். இறந்தவர்களைப் பற்றி எழுதும்போது சாந்த சொரூபி என்று எழுதுவது வழக்கம். நான் எழுதமாட்டேன். அரை மாத்திரை போட்டவர்களை அவர் திட்டியது தெருமுனை வரை கேட்கும். பழைய பட்டாளத்துத் தாத்தாக்கள் சிலர் அவரிடம் வந்தால் பிரெஞ்சிலேயே பேசுவார்கள். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ‘பொன்ழூர்’ என்று வணக்கம் சொல்லி, நோயை ஒரு விண்ணப்பம் போல விவரிப்பார்கள். பொறுமையாகக் கேட்டுவிட்டு இவர் சொல்வார்: “இப்ப எங்க வலிக்குதுன்னு தமிழ்ல சொல்லுங்க முசியே. வலி தமிழ்லதான் சரியா வரும்.” தாத்தாவும் உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டு, “அய்யோ, இந்த எடம்தாம்மா” என்பார்.

கருவாட்டோடு அவருக்கு ஒரு தீராத வழக்கு இருந்தது. உப்பு, உப்பு என்று எல்லாரையும் விரட்டுவார். ஆனால் மத்தியானம் ரோசி வறுத்துவைக்கும் நெத்திலிக் கருவாடு இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது. வெளியே பேஷண்ட் காத்திருந்தால் சன்னலைச் சாத்திவிட்டுச் சாப்பிடுவார். வாசனை சாத்திய சன்னலுக்குள் நிற்குமா? காத்திருப்பவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள். இவர் வாயைத் துடைத்துக்கொண்டு வந்து, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல், “கருவாடு சாப்பிட்டீங்களா?” என்று முதல் ஆளிடமே ஆரம்பிப்பார்.

இப்போது நான் எழுத வேண்டியதற்கு வருகிறேன்.

சுனாமி வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பக்கத்து மீனவக் கிராமமான காரைக்கால்மேட்டிலிருந்து ஓர் அம்மாவை ஆட்டோவில் தூக்கி வந்தார்கள். மீன்கூடையோடு சாய்ந்துவிட்டவர். வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது. உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். மறுநாள் இறந்துபோனார். அவருக்கு ரத்த அழுத்தம் இருந்தது அவருக்கே தெரியாது. “ஏம்மா இத்தன நாளா யாருகிட்டயும் காட்டல?” என்று டாக்டரம்மா இறந்தவரின் மகளிடம் கேட்டார்.

“எப்ப வர்றது டாக்டரம்மா? விடியக்காலம் ஏலம். அப்பறம் கூடையத் தூக்குனா மத்தியானம் ஆயிடும். வந்து சோறாக்கணும். நீங்க சாயங்காலம் மறுபடி கதவத் தொறக்குறப்ப நாங்க அசந்துபோயி படுத்துருப்போம்” என்றது அந்தப் பெண்.

அன்று முழுவதும் டாக்டரம்மா யாரையும் திட்டவில்லை. சாயங்காலம் என்னைக் கூப்பிட்டார். “அவங்களால வர முடியலன்னா நாம போவோம் செல்வி. அவங்க எல்லாரும் ஒண்ணா நிக்கிற எடம் ஒண்ணு இருக்குல்ல? அங்கயே போவோம்.”

அப்படித்தான் சனிக்கிழமை தோறும் நாங்கள் காரைக்கால்மேட்டு ஏலக்கூடத்துக்குப் போக ஆரம்பித்தோம். படகுகள் கரைக்கு வரும் நேரத்துக்கு எங்கள் ஆட்டோவும் போய்விடும். கூடத்தின் ஓரத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு ஸ்டூல். நான் பிரஷர் பார்த்து நோட்டில் எழுதுவேன். டாக்டரம்மா நோட்டைப் பார்த்து, நெஞ்சைச் சோதித்து, விசாரித்து மருந்து கொடுப்பார். அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முறை இது: “உக்கார வை. அஞ்சு நிமிஷம் பேசாம இருக்கட்டும். அப்பறம் பாரு. கொஞ்சம் விட்டு ரெண்டாவது தடவ பாரு. ரெண்டையும் எழுது.” அதற்காக அவரே நோட்டில் கோடு போட்டு இரண்டு பத்தி பிரித்துக் கொடுத்திருந்தார்.

ஏலம் நடக்கிற இடத்தில் ஐந்து நிமிடம் யார் பேசாமல் உட்காருவார்கள்? அங்கே பேசாமல் இருந்தால் மீன் கை மாறிப் போய்விடும். மீன் எடுத்துக் கூடையில் விற்கும் காசாம்பு அக்கா வருவார். ஸ்டூலில் பாதி உட்கார்ந்து, ஒரு கையை என்னிடம் கொடுத்துவிட்டு, கழுத்தை ஏலத்தின் பக்கம் திருப்பிக்கொள்வார். “சீக்கிரம் சுத்து செல்வி, அந்த வஞ்சிரம் எனக்குத்தான்” என்பார். நான் பாதரசத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் காதுக்குப் பக்கத்தில் விலையைக் கத்துவார். பட்டையை அவிழ்ப்பதற்குள் எழுந்து ஓடிவிடுவார். அவர் மட்டுமில்லை, எல்லாரும் அப்படித்தான்.

ஐந்து நிமிடம் உட்காரவைக்க நான் முயன்றது முதல் சனிக்கிழமை மட்டும்தான். அதன்பிறகு வந்த வேகத்தில் ஒருமுறை பார்த்தேன். இரண்டாவது தடவை பார்க்கவே இல்லை. ஆனால் நோட்டில் இரண்டு பத்தி இருந்தது. ஒன்று காலியாக இருந்தால் டாக்டரம்மா திட்டுவார். அதனால் முதல் எண்ணிலிருந்து கொஞ்சம் குறைத்து இரண்டாவது பத்தியில் நானே எழுதிவிட்டேன். ஒருவருக்கு அல்ல, எல்லாருக்கும். ஒரு சனிக்கிழமை அல்ல, மாதக்கணக்கில். டாக்டரம்மா கண்மூடும்வரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.

நோட்டில் பாதிப் பேருக்கு மேல் பிரஷர் அதிகமாக இருந்தது. டாக்டரம்மா மலைத்துப்போனார். “எல்லாம் அந்தக் கருவாடு” என்று அதன் மேல் பழியைப் போட்டார். எண்கள் ரொம்பவும் ஏறியிருந்தவர்களுக்கு மாத்திரை கொடுத்தார். அதில் காசாம்பு அக்காவும் ஒருவர். மாத்திரையை ஒருநாள் கூடத் தவறவிடாதவர் அவர்.

இரண்டு மாதம் கழித்து, காரைக்கால் மீன் மார்க்கெட்டில் கூடையை இறக்கி வைத்துவிட்டு நிமிர்ந்தவருக்குக் கண் இருட்டிக்கொண்டு வந்திருக்கிறது. சிமெண்டுத் திட்டின் விளிம்பில் இடுப்பு அடிபட விழுந்தார். எலும்பு முறிந்துவிட்டது. வெளியூர் ஆஸ்பத்திரியில் கம்பி வைத்துக் கட்டினார்கள். அங்கே மாத்திரையை நிறுத்திவிட்டுப் படுக்கையில் வைத்துப் பார்த்தால், அவருடைய பிரஷர் எல்லாரையும் போல ஒழுங்காக இருந்தது. அவருக்கு மாத்திரையே தேவையில்லை. தேவையில்லாத அந்த மாத்திரை பிரஷரை அளவுக்கு மீறி இறக்கித்தான் அவரைத் தள்ளிவிட்டிருக்கிறது.

சேதி கேட்டு டாக்டரம்மா பஸ் ஏறிப் போனார். என்னையும் கூப்பிட்டார். காய்ச்சல் என்று பொய் சொன்னேன். சாயங்காலம் திரும்பி வந்தவர் நேரே கிளினிக்குக்குள் வந்து, “அந்த நோட்டைக் குடு” என்றார். ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கண்ணுள்ள யாரும் கண்டுபிடித்துவிடலாம். இரண்டாவது எண் எப்போதும் முதல் எண்ணைவிட இரண்டோ நாலோதான் குறைவு. மனித உடம்பு அவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்ளுமா?

நோட்டை மூடினார். “ஏலத்துல நின்னு கத்துற பொம்பளைக்குப் பிரஷர் ஏறாம என்ன செய்யும்? நான்தான் யோசிச்சிருக்கணும்” என்றார். நோட்டை என் கையில் திருப்பிக் கொடுத்தார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை.

மறுநாள் காரைக்கால்மேட்டுக் கோயிலுக்கு முன்னால் பஞ்சாயத்தார் உட்கார்ந்திருந்தார்கள். ஊரே கூடியிருந்தது. நாற்காலி கொடுத்தும் டாக்டரம்மா உட்காரவில்லை. அவருக்குப் பின்னால் மருந்துப் பையோடு நான் நின்றேன். அவர் சொன்னது எனக்கு ஒரு வார்த்தை விடாமல் நினைவிருக்கிறது. “ஏலம் போற நேரத்துல பிரஷர் பாத்தது தப்பு. அந்த எடத்தத் தேர்ந்தெடுத்தது நான். மாத்திரை எழுதுனது நான். காசாம்பு விழுந்ததுக்குக் காரணம் நான்தான். வேற யாரும் இல்ல.”

காசாம்பு அக்காவின் மூத்த மகன் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். “தப்புன்னு சொல்லிட்டா எங்க அம்மா நடந்துருமா?”

“நடக்க மாட்டாங்க தம்பி. முன்ன மாதிரி நடக்க மாட்டாங்க” என்றார் டாக்டரம்மா. “இனிமே நான் இந்த ஊருக்குள்ள வரலாமா, வேணாமான்னு நீங்க சொல்லுங்க. வேணாம்னா போயிடுறேன். ஆனா இந்த மாத்திரை சாப்புடுற ஒவ்வொருத்தரையும் மறுபடி பாக்காம போக மாட்டேன்.”

அவர் குரல் நடுங்கியதை அன்று ஒருநாள்தான் கேட்டேன். அப்போதாவது நான் ஓர் அடி முன்னால் எடுத்து வைத்திருக்கலாம். வாயைத் திறந்திருக்கலாம். பேஷண்ட் திட்டினால் பதிலுக்குத் திட்டுகிற வாய் எனக்கு. அன்று அது ஒட்டிக்கொண்டது. பயம். வேலை போய்விடுமே, நாலு பேர் முன்னால் மானம் போய்விடுமே என்ற பயம். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

பஞ்சாயத்தார் வெகுநேரம் பேசினார்கள். கடைசியில், “வாங்க டாக்டரம்மா. ஆனா ஏலத்துக்கு வேணாம்” என்றார்கள்.

அதற்குப் பிறகு நாங்கள் மத்தியானத்தில் போனோம். கூடையை இறக்கிவிட்டு வரும் பெண்களை, வலை சீர் செய்யும் கொட்டகையில் உட்கார வைத்தார். ஆண்களை வெளியே போகச் சொல்லிவிடுவார். பேசக் கூடாது, போனை எடுக்கக் கூடாது, பிள்ளை அழுதாலும் எழக் கூடாது. ஐந்து நிமிடம். பத்துப் பதினைந்து பெண்கள் வலைகளுக்கு நடுவில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே வேடிக்கையாக இருக்கும். மூன்றாவது நிமிடத்தில் பாதிப் பேர் உட்கார்ந்தபடியே தூங்கிப்போவார்கள். ஒருநாள் அப்படித் தூங்கியவர்களைக் காட்டி என்னிடம் மெதுவாகச் சொன்னார்: “யாரும் கூப்பிடாத அஞ்சு நிமிஷம், செல்வி. இவங்களுக்கு இத யாரும் குடுத்ததே இல்ல. எழுப்பாத. இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்.” பலருக்கு மாத்திரை நின்றது. உண்மையிலேயே நோய் இருந்தவர்கள் பிழைத்துக் கிடக்கிறார்கள்.

காசாம்பு அக்காவால் அதன்பிறகு கூடை தூக்க முடியவில்லை. டாக்டரம்மா பஞ்சாயத்தாரிடம் நடையாய் நடந்தார். “கால்தான போச்சு? அந்தத் தொண்டைக்கு என்ன கொறச்சல்?” என்று வாதாடி, ஏலம் கூறும் வேலையை அவருக்கு வாங்கிக் கொடுத்தார். ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கைத்தடியை மடியில் வைத்துக்கொண்டு காசாம்பு அக்கா ஏலம் கூறுவதை அந்தக் கரையில் எல்லாரும் அறிவார்கள். நான் மட்டும் அவர் முகத்தை நேராகப் பார்த்ததில்லை.

நோட்டு என்னிடமே இருந்தது. அதை அவர் என் கையிலிருந்து வாங்கி வேறு யாரிடமும் கொடுக்கவில்லை. அதன்பிறகு நான் எழுதிய ஒவ்வொரு எண்ணும் உண்மை. ஒருநாள் கூட அவர் என்னைச் சோதித்துப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கடைசி ஒரு வருடம் அவருக்கு நடை தளர்ந்துவிட்டது. கிளினிக்கை மூடினார். நான் தினமும் காலையில் போய் அவருக்குப் பிரஷர் பார்த்தேன். அவர் வகுத்த முறைப்படி இருவரும் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருப்போம். அந்த ஐந்து நிமிடத்தில் தினமும் எனக்கு அதைச் சொல்லிவிடத் தோன்றும். ஒருநாள் துணிந்து, “அம்மா, அந்தக் காரைக்கால்மேட்டு நோட்டு...” என்று ஆரம்பித்தேன்.

“பிரஷர் பாக்குறப்பப் பேசாத” என்றார்.

பார்த்து முடித்தபின் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்படி எத்தனையோ நாளை வந்தது. பிறகு வராமல் போனது.

அடக்கம் நடந்த அன்று காரைக்கால்மேட்டிலிருந்து ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. தங்கள் ஊரில் சாவு விழுந்தால்தான் அவர்கள் அப்படிச் செய்வார்கள். தலத்தெருவில் ஒரு கிறிஸ்தவ வேதக்கார அம்மா இறந்ததற்குப் படகைக் கட்டிப்போட்டார்கள். எத்தியேனுக்கு அதை நான்தான் விளக்கிச் சொன்னேன்.

கல்லறைத் தோட்டத்தில் கூட்டம் நெரிந்தது. காசாம்பு அக்காவை ஆட்டோவில் கூட்டி வந்திருந்தார்கள். நெரிசலில் அவரால் நிற்க முடியாது என்று வாசல் பக்கம் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். நான் அவருக்கு முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தேன். சொல்லிவிட்டேன். காய்ச்சல் என்று சொன்ன பொய்யிலிருந்து, பார்க்காமல் எழுதிய எண்கள் வரை எல்லாவற்றையும் அழுதுகொண்டே சொன்னேன்.

 “எனக்குத் தெரியாதா?” என்றார் காசாம்பு அக்கா. “என் கைதான அது? நீ ஒரு தடவதான் சுத்துனேன்னு எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்?”

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

“டாக்டரம்மா ஆஸ்பத்திரிக்கு வந்தாங்கல்ல? அன்னைக்கே சொல்லிட்டேன். நீங்க ரெண்டு தடவ பாக்கச் சொன்னீங்களாம், அவ ஒரு தடவதான் பாத்தான்னு. அவங்க கேட்டுக்கிட்டாங்க. அப்பறம் என் கையப் புடிச்சுக்கிட்டு, ‘இத வெளில சொல்லாதீங்க காசாம்பு. என்னைய ஊருக்குள்ள விடலன்னாலும் நான் டாக்டரு, எங்கயாச்சும் பொழச்சுக்குவேன். அவ நர்சு. இந்தப் பேரு வந்தா அவளுக்கு அப்பறம் ஒண்ணும் இல்ல’ன்னாங்க. அதான் நானும் வாயத் தொறக்கல. என் மவன்கிட்ட கூடச் சொல்லல.”

ஊருக்கு முன்னால் நின்று “வேற யாரும் இல்ல” என்று சொன்னபோது, எல்லாம் தெரிந்துதான் சொல்லியிருக்கிறார். தனக்குப் பின்னால் பையை அணைத்துக்கொண்டு நிற்பது யார் என்று தெரிந்துதான், கடைசிவரை திரும்பிப் பார்க்காமல் நின்றிருக்கிறார்.

“என் மேல கோவம் இல்லையாக்கா?” என்றேன்.

“இல்லாம? ரொம்ப வருஷம் இருந்துச்சு. இப்பயும் கொஞ்சம் இருக்கு” என்றார். கைத்தடியை ஊன்றிக்கொண்டு இன்னொரு கையை என்னை நோக்கி நீட்டினார். “கூட்டம் கொறஞ்சிருச்சு. வா, என்னயத் தாங்கு. அவங்களுக்கு ஒரு கைப்பிடி மண்ணு போடணும். தனியா என்னால குனிய முடியாது.”

மேடும் பள்ளமுமான அந்த வழியில் ஓர் அடி, ஓர் அடியாக நடந்தோம். காசாம்பு அக்கா ஒல்லியானவர்தான். ஆனால் முறிந்த இடுப்பைக் காப்பாற்றிக்கொண்டு நடந்தபோது அவருடைய முழுப் பாரத்தையும் என் தோளில் சாய்த்தார். குழியின் ஓரத்தில் நான் அவர் இடுப்பைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டேன். அவர் குனிந்து மண் எடுத்தார். தான் போட்டுவிட்டு, மறுபடி குனிந்து இன்னொரு பிடி எடுத்து என் கையில் வைத்தார்.

எத்தியேன் இதை அச்சுக்குக் கொடுக்குமுன் ஒருமுறை யோசிக்கச் சொன்னார். யோசித்துவிட்டேன். காரைக்கால்மேட்டில் இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டுகிறவர்கள் திட்டட்டும், கதவைச் சாத்துகிறவர்கள் சாத்தட்டும். ஊரில் உங்கள் பெயரில் நின்றுபோன என் தவறை இன்று என் பெயருக்கு மாற்றி எழுதிவிட்டேன், அம்மா. நீங்கள் பாரம் இல்லாமல் போய் வாருங்கள்.